ஏரிக்கரை முகாம்

வெண்டலுக்கு,

இத்தனை வருஷம் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தது போதும்.

அக்டோபர் வந்தால் நம் கேரவனை நிறுத்த நீ அந்த ஏரிக்கரை முகாமைத்தான் பிடிப்பாய். பார்ட்ஸ்டவுன் ஊருக்குள்ளேயே, விஸ்கி ஆலைக்கு நடந்தே போகிற தூரத்தில் வேறொரு முகாம் இருக்கிறது. ஆனாலும் நமக்கு மட்டும் தினமும் மலைச்சாலைப் பயணம். "அண்ணே, நீதான் ஓட்டணும். இந்த வளைவெல்லாம் உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?" என்பாய். ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது. நீங்களெல்லாம் போர்பன் விஸ்கியை முகர்ந்து வெனிலா வாசம், ஓக் மர வாசம் என்று பிதற்றுவீர்கள். நான் இஞ்சி சோடாவோடு பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்த முறை உன்னை முந்திக்கொண்டு பார்ட்ஸ்டவுன் முகாமுக்கு போன் செய்தேன். ஹேட்சர் என்று குடும்பப் பெயரைச் சொன்னதும், முகாம் நடத்தும் ஒர்லீன் நீ என்றே நினைத்துக்கொண்டாள்.

"மறுபடி நீங்களா! வருஷா வருஷம் இடம் இருக்கான்னு கேட்டுட்டு வேணாம்னுடுவீங்களே. ஸ்டியரிங்க விட்டா அண்ணன் கையில கிளாஸ் வந்துரும், திரும்பவும் ஆஸ்பத்திரிதான்னு. இப்ப எப்படி இருக்காரு, தேறிட்டாரா?"

முகம் தெரியாதவளிடம் சொன்னதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதை நான் மன்னிப்பதாக இல்லை.

தேறிட்டாரா என்று அவள் மறுபடியும் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே நம் கேரவன் நின்றது.

"இன்னும் இல்லம்மா" என்று சொல்லி போனை வைத்தேன்.

ஏரிக்கரையில் இடம் பிடித்துவிட்டேன். வண்டியை நான்தான் ஓட்டுவேன். கையெழுத்துப் போடுகிற அளவுக்குக் கோபம் தணியவில்லை, அதனால் இப்படியே தபாலில் சேர்க்கிறேன். இந்த முறை ஏரிக்கரையைக் கேட்டு வாங்கியவன் யாரென்று உனக்குத் தெரியும்.