வடை உங்களுடையது, காபி எங்களுடையது

வியாழக்கிழமை தவறாமல் பாலத்தில் எனக்காகக் காத்து நின்ற அருள்சாமிக்கு,

கல்லூரி ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். "சிறந்த கணித ஆசிரியர், எளிமையானவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர்." இது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அதே கல்லூரி நூலகத்தில் காலமெல்லாம் அட்டவணை அட்டை எழுதியவன் நான். புத்தகத்தைத் தவறான அலமாரியில் வைத்துவிட்டது போல இருந்தது. அதனால் உங்களுக்கே நேராக எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும். ஸ்ரீரங்கத்தில் நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. உங்கள் மார்னிங் ஸ்டார் காபிக் கடையின் தில்லை நகர் கிளையில் டிவி வைத்துவிட்டார்கள். திருவெறும்பூர்க் கிளை மாடி கட்டுகிறது. காட்டூரிலும் ஒன்று வருகிறதாம். எங்கள் சுகந்த விலாஸ் சும்மா இருக்குமா? திருவானைக்கோவிலில் மூன்றாவது கிளை திறந்தாயிற்று. "போட்டின்னா இப்படி இருக்கணும்ணே" என்று தொடையில் தட்டிச் சிரித்திருப்பீர்கள்.

இரண்டு காபிக் கடைகளுக்காக ஒரு ஊர் இப்படிக் கட்சி பிரியுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பிரிந்துதான் இருந்தது. சுகந்த விலாஸில் கொட்டையை அவர்களே வறுத்து அரைப்பார்கள். முதல் டிகாஷன், பித்தளை டபரா. அங்கே குடிப்பவன் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும். ஜன்னலோர மேஜையில் உட்காரும் எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் விதிவிலக்கு. வேறு கடையில் குடித்தால் தலைவலி வரும் என்று அந்த ஐவரில் ஒருவரான வரதன் சத்தியம் செய்வார். அவர் வேறு கடையில் குடித்ததே இல்லை.

மார்னிங் ஸ்டாரில் கண்ணாடி டம்ளர், ரேடியோ, சத்தம். ஷிப்ட் முடிந்து வருகிற பாக்டரிக்காரர்கள் ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்புவதில்லை. அந்தக் காபியில் சிக்கரி அதிகம். இதை நீங்கள் இருந்தபோது குடிக்காமலே சொன்னேன், இப்போது குடித்துவிட்டும் சொல்கிறேன். ஆனால் அந்த வடை! கால் மணிக்கு ஒரு ஈடு போடுவார்கள். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. வெளியே கடித்தால் சத்தம், உள்ளே பஞ்சு. பொடியாக நறுக்கிய வெங்காயம் வேறு.

எங்கள் வீட்டு அடுப்பில் வெங்காயம் ஏறாது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான், முதல்முறை பொட்டலத்தைப் பிரித்தபோது, "வேண்டாம்னா வேண்டாம்ணே, வாசனை மட்டும் பாருங்க" என்றீர்கள்.

நான் உங்கள் கடைக்கு வரமாட்டேன். அங்கே முட்டை கேக்கும் வைக்கிறார்கள், பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். நீங்கள் என் கடைக்கு வரமாட்டீர்கள், அது வீம்பு. அதனால் வியாழன் மாலை உங்கள் வகுப்பு முடிந்ததும் காவிரிப் பாலத்தின் நடுவில் சந்திப்போம். என் கையில் சுகந்த விலாஸ் காபி, பிளாஸ்கில். உங்கள் கையில் மார்னிங் ஸ்டார் வடை, வாழை இலையில். கைப்பிடிச் சுவர்தான் மேஜை. வீட்டுக்குப் போய் நான் அட்டையில் எழுதி வைப்பேன்: டிகாஷன், சூடு, மொறுமொறுப்பு, எண்ணெய். பதினோரு வருஷத்து அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. எல்லா அட்டையிலும் ஒரே தீர்ப்புதான். வடை உங்களுடையது, காபி எங்களுடையது.

"பிளாஸ்க்ல வந்த காபியை நான் ஒத்துக்க மாட்டேன்ணே. எங்க கடைக்கு ஒரு நாள் வந்து உட்காருங்க, அப்புறம் பேசுங்க" என்பீர்கள். அடுத்த வாரம் என்பேன். எத்தனை அடுத்த வாரம்?

இனி எழுதப்போவதற்குத்தான் மூன்று தாள் கிழிந்தது.

ஒரு வியாழன் வரதன் பாலத்தின் மேல் நடந்து வந்தார். என் கையில் பாதி வடை.

"என்ன ஓய், இங்க நின்னுண்டு? வெங்காய வாசனை வரதே! இவர் யாரு?"

என் நாக்கு தானாகப் பேசியது. "தெரியலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் எங்க நிக்கும்னு கேட்டார். பொட்டலம் அவரோடதுதான்."

நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க சார், போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். உங்கள் முதுகு பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பவே இல்லை. பொட்டலம் சுவரின் மேல் இருந்தது. பாதி வடையை நான் விரலுக்குள் நசுக்கி வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். வந்தீர்கள். கிட்டே வந்து, முகத்தை ஒன்றும் தெரியாதவர் மாதிரி வைத்துக்கொண்டு, "சார், சத்திரத்துக்குப் பஸ் எங்க நிக்கும்?" என்றீர்கள். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிப்பது மாதிரி செய்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அதுதான் உங்கள் வணக்கம். மன்னித்துவிட்டீர்களா, அல்லது மறக்க விடாமல் பார்த்துக்கொண்டீர்களா? கேட்கத் தைரியம் வரவில்லை.

போன வாரம் உங்கள் முப்பதாம் நாள். மாதா கோயிலில் பூசை முடிந்து உங்கள் நண்பர்கள் தில்லை நகர்க் கிளையில் கூடினார்கள். என்னையும் பேச அழைத்திருந்தார்கள். வரதனுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. "அங்க போய் உட்கார்ந்துட்டு, மறுநாள் வந்து இந்த மேஜையில உட்காரலாம்னு நினைக்காதீர்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வெளியுலகம் என்று இருப்பது அந்த மேஜைதான். இரண்டு நாள் யோசித்தேன். போனேன்.

நீங்கள் உட்காரும் நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். என்னை அதில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடி டம்ளரில் காபி வந்தது. திருவெறும்பூர் பீட்டர், உங்கள் பழைய மாணவர், எழுந்தார்.

"அருள் சார் கடைசி வரைக்கும் ஒண்ணு சொல்லுவாருங்க. ராகவன் அண்ணன் ஒரு நாள் நம்ம கடைக்கு வந்து நம்ம காபியை ஒத்துக்குவாருன்னு. குடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

முழுக்கக் குடித்தேன். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இறந்தவருக்காக ஒரு பொய் சொன்னால் என்ன? சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவன் நான்.

"சிக்கரி அதிகம்" என்றேன். "வடையில உங்களை ஜெயிக்க யாரும் இல்லை. காபி எங்களுதுதான். அவர்கிட்ட வாராவாரம் இதைத்தான் சொன்னேன். அவர் இல்லைங்கறதுக்காக மாத்திச் சொல்ல மாட்டேன்."

பீட்டர், "அப்படியே அருள் சார் சொன்ன ஆளுதான்டா!" என்றார். கூடமே சிரித்தது. உங்கள் மனைவியும் சிரித்தார்கள், அருள்சாமி. அதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மறுபடி தில்லை நகர் போனேன். நாலு வடை வாங்கிக்கொண்டு நேராக சுகந்த விலாஸுக்கு வந்து, ஜன்னலோர மேஜையில் வரதனுக்கு எதிரே நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்தேன். வெங்காய வாசனை கல்லாப்பெட்டி வரைக்கும் போனது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"மாமா, வெளிப் பண்டம் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு."

"தெரியும். அந்த போர்டுக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததே நான்தான். இன்னிக்கு ஒரு நாள் அதை நான் மதிக்கப் போறதில்லை."

என் வாழ்நாளில் ஒரு போர்டை மீறியது அதுதான் முதல்முறை. ஒரு வாய் வடை, ஒரு வாய் காபி. ஆமாம், பிளாஸ்கில் வந்ததைவிட அது பல மடங்கு மேல். நீங்கள் சொன்னதில் அது ஒன்று சரி. அப்புறம் வரதனைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னிக்குப் பாலத்துல பார்த்தீரே, அவர் வழி கேட்கலை. என் சிநேகிதர். பதினோரு வருஷம். நான்தான் பொய் சொன்னேன்."

வரதன் டபராவைக் கீழே வைத்தார். "கும்பிட்டுட்டுப் போனாரே, அவரா?" என்றார். நினைவு வைத்திருக்கிறார்! வடையை அவர் தொடவில்லை. தொடமாட்டார். நான் வழக்கமாக உட்காரும் பக்கத்து நாற்காலியில் போட்டிருந்த தன் பேப்பரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "காபி ஆறிடும், குடியும்" என்றார். நான் அனுமதி கேட்டிருக்கவில்லை. கொடுக்காவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன்.

இனி உங்களுக்கு ஒரு வாக்கு. கால் நடக்கும்வரை வியாழன்தோறும் பாலத்துக்கு வருவேன். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் உங்கள் கடைப் பொட்டலம். அதை நானே உள்ளே போய், உங்கள் நாற்காலியில் சற்று உட்கார்ந்து வாங்கி வருவேன். யாருக்காக நிற்கிறீர் என்று எவர் கேட்டாலும், உங்கள் பெயரைச் சொல்வேன். சத்தமாகச் சொல்வேன்.

உங்கள் காபியை என்றைக்கும் ஒத்துக்கொள்ளாத,
உங்களை இனி என்றைக்கும் தெரியாது என்று சொல்லாத,
அண்ணன் ராகவன்