உன் வீட்டு ஃபிரிட்ஜில் நம் மருந்து

இன்று காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர், "ரத்தம் ஊறுற ஊசி ஒண்ணு. ஐஸ் வெச்சுக் குடுங்க, ஊத்தங்கரை வரைக்கும் போவணும்" என்றார். கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது நம் கம்பெனிப் பெட்டி. நான் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். மத்திகிரியில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, சுத்திகரிப்புப் பிரிவில் நான்கு வருடம் அருகருகே நின்றோம். செல்கள் வளர்ந்த கலங்கல் நீரிலிருந்து ஒரே ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுப்பது நம் வேலை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் உடம்பே அதைச் சுரந்து, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறச் செய்யும். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு ஊசிதான். முதல் சவ்வு செல்களைத் தடுக்கும். அடுத்தது ஹார்மோனை மட்டும் தன்மேல் பிடித்துக்கொள்ளும். உப்புநீர் விட்டு அதைக் கழற்றி எடுப்போம். கடைசிச் சவ்வு வைரஸை நிறுத்தும். எனக்கு இது சம்பளம் தரும் வேலை, அவ்வளவுதான். உனக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மாடி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கும். மாலையில் ஷூவைக் கழற்றினால் காலில் தடம் பதிந்திருக்கும். "நின்னு நின்னு வீங்குதுடி" என்பாய். நானும் நம்பினேன். இருபது லிட்டர் உப்புநீர் கேனை உன் பக்கம் தள்ளிவிட்டு, "நீதான் குண்டாயிட்டே, தூக்கு" என்று சிரித்ததும் நான்தான்.

என் மகன் பள்ளி ஆண்டுவிழா அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். வடிகட்டி முடித்து, கடைசிச் சவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்த்தோம். அழுத்தம் காட்டும் முள், இறங்கலாம் என்ற அளவைவிட ஒரு கோடு கூடுதலாக இறங்கியது. சவ்வை நனைத்து மறுபடி பார்த்தோம். அப்போதும் அதே கோடு.

"ஒரு கோடுதானே, சரியா இருக்குன்னு எழுது. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

நீ பேனாவைத் திறந்து உள்ளதை உள்ளபடி எழுதினாய். "ஊசி போட்டுக்கறவங்களுக்குத் தெரியும்டி" என்றாய். குரலில் கோபமே இல்லை. புதுச் சவ்வு மாட்டி முழுவதையும் மறுபடி வடிகட்டினோம். மகன் ஆடியதை நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

அடுத்த ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் உன் இருக்கை காலியாக இருந்தது. லீவு போட்டு ஊருக்குப் போனவள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். மாரடைப்பு என்றார்கள். முப்பத்தாறு வயதில் அது எப்படி என்று கேட்டுக்கொண்டே உன் ஊருக்கு வந்தேன்.

தண்ணீர் எடுத்துத் தர உன் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவில், முட்டை வைக்கும் இடத்தில், மூன்று பெட்டிகள். நம் பெட்டிகள். கம்பெனியிலிருந்து எடுத்து வந்துவிட்டாயோ என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்புக்கு என்னை மன்னித்துவிடு. பெட்டியின்மேல் மருந்துக் கடைச் சீட்டில் உன் பெயர் இருந்தது.

"ரெண்டு வருசமா வாராவாரம் இங்க வந்து ஒண்ணு போட்டுக்கினு இருந்தா. டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு டாக்டரு சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. தள்ளிப் போட்டுக்கினே வந்துட்டா" என்றார் அம்மா.

டம்ளரிலிருந்த தண்ணீர் சேலையில் சிந்தியது. ஆண்டுவிழா அன்றும் நீ இந்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். கணக்குப் பார்த்தால் அதற்கும் முன்னாலிருந்தே. உன்னிடமா 'யாருக்குத் தெரியப்போவுது' என்று கேட்டேன்?

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லுவா கண்ணு. கனமானதத் தூக்க உடமாட்டே, அப்பப்போ உக்கார வெப்பேன்னு சொல்லுவா. நீ பாத்துக்கறேன்ற தைரியத்துலதான் அவள வேலைக்கு அனுப்பிச்சோம்."

உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்த பொய்யை நான் உடைக்கவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.