உன் முட்டும் நாம் தோற்ற கப்பும்

இன்று காலை மகள் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். முறிவெண்ணெய் தேய்த்துவிட்டேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. பந்து விளையாடிய காலத்தில் நம் குழு முழுக்க இந்த வாடைதானே அடித்தது!

நாசமாய்ப் போன வருஷம் அது. முதல் ஆட்டத்தில் கோல் காப்பவனுக்கு விரல் ஒடிந்தது. இரண்டாவதில் இன்னொருவனுக்குத் தோள் இறங்கியது. மூன்றாவதில் நம்மை ஜெயிக்க வைத்த கையோடு நீயும் கால்முட்டு பிசகி விழுந்தாய். இறுதி ஆட்டத்துக்கு நம் புதுக்கடை ஊரே கிளம்ப இருந்த நேரம். சந்தையில் மீன் விற்கிறவர்கள்கூட, "கப்பு போச்சு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். உபதேசியார் ஞாயிறு ஜெபத்தில் மழை கேட்பதற்கு முன்னால் உன் முட்டுக்காக மன்றாடினார். ஊருக்கு மிஞ்சிய நம்பிக்கை நீ ஒருவன்தான்.

வைத்தியம் செய்த ஆசான் பதினாலு நாள் கட்டு போட்டிருந்தார். ஆட்டமோ பதினோராம் நாள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் கால் விளங்காது என்பது நம் பக்கத்து வழக்கம். நீயும் தொடமாட்டாய். ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆசான் பத்மநாபபுரத்தில் யாருக்கோ வைத்தியம் பார்க்கப் போயிருந்தார்.

"ஏலே, நீ கேப்டன்லா? எப்படியாவது ஆசானைக் கூட்டிட்டு வா. நான் ஆடுவேன்" என்று என்னை பஸ் ஏற்றிவிட்டாய்.

ஆசானைக் கண்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவிழ்க்கலாம் பிள்ளே. நாளைக்கு ஒரு நாளு ஓடுவான். பெறவு பனையில ஏறமாட்டான். நான் வரட்டா, வேண்டாமா? நீயே சொல்லு."

எனக்குக் கப்பு ஆசை இல்லாமலா? ஆனால் நீ பனையேறாவிட்டால் உன் வீட்டில் அடுப்பு எரியாது. "வரண்டாம் ஆசானே" என்றேன். திரும்பி வந்து உன்னிடம், "ஆளைக் காணேல்ல மக்கா. எங்கயோ போயிட்டாராம்" என்று வாய் கூசாமல் புளுகினேன்.

நாலு கோல் வாங்கினோம். நீ கோட்டோரம் கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்து கத்தினாய், பிறகு அழுதாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஆளைக் கூட்டிவர வக்கில்லாத கேப்டன் என்று ஊர் என்னை ஏசியது. ஏசட்டும் என்று இருந்தேன். மறு மாதம் நீ பனை உச்சியிலிருந்து என்னைக் கூவி அழைத்தபோது, அப்பாடா, பாதிப் பாரம் இறங்கியது. உன்னிடம் பொய் சொன்ன பாரம் மட்டும் பத்து வருஷம் அப்படியே கிடந்தது. சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தேன். துணியவில்லை. அதற்குள் காய்ச்சல் உன்னை மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது.

நேற்று நினைவு ஜெபம் முடிந்ததும் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவியளுக்கு அது அப்பவே தெரியும் அண்ணே. கட்டு அவுக்கும்போ ஆசான் சொல்லிட்டாரு. 'அவன்கிட்ட கேட்டுராத, வெக்கப்படுவான்'னு என்னையும் அடக்கிட்டாவ. இந்தக் காலு அவன் தந்ததாக்கும்னு தினமும் சொல்லிட்டுதான் பனைக்குப் போவாவ."

அட பாவி! பத்து வருஷம் என்னோடு பனங்கிழங்கு தின்றாயே, ஒரு வார்த்தை விட்டாயா? கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நேற்றுப் படுத்ததும் உறங்கிவிட்டேன்.

இனிச் சந்தையில் யாராவது அந்தத் தோல்வியைச் சொல்லிக் கிண்டினால், தலையைக் குனிந்து நடக்கமாட்டேன். "ஆமா, நான்தான் தோக்க வச்சேன்" என்று உரக்கச் சொல்லுவேன்.