நாளைக்கு உன்னை எப்படிக் கூப்பிடுவேன், நைனா?

என் உயிரான நைனாவுக்கு,

இந்த வார்த்தையை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளில் எல்லாம் 'என் தந்தை' என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் அம்மாவும் அத்தையும் படுத்திருக்கிறார்கள். அத்தை புரண்டு படுத்தாலே போனைக் கவிழ்த்துவிடுகிறேன். எழுந்து, "இன்னாத்த கிறுக்கிகினு கீற?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

நாளைக்கு உன் காரியம். சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் படையல். நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? உன் நைனாவுக்கு நீ செய்தவன்தானே. இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துவிட்டு, பெற்ற பிள்ளை கடலைப் பார்த்து நின்று கூப்பிட வேண்டும். உயிரோடு இருந்தபோது எப்படிப் பேசினோமோ அப்படியே பேசி, சாப்பிட வரச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கேட்க வேண்டும்.

பொம்பளைப் பிள்ளை எப்படிக் கூப்பிடும் என்று பெரியப்பா இழுத்தார். அத்தை விடவில்லை. "பொண்ணா இருந்தா இன்னா? அதுக்கு வாய் கீதுல்ல? வேற எவன் கூப்ட்டாலும் எங்கண்ணன் வரமாட்டான். அது ஒரு கொரல் குட்த்தா ஓடியாந்துருவான்" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். கடைசி ஒரு வருஷம் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கொஞ்சம்.

என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். போன வருஷம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் ஊர்ப் பாஷையில் பேசிக்காட்டி விளையாடினோம். சிந்துஜாவுக்குத் திருநெல்வேலி. "ஏட்டி, அங்கன என்னட்டி பண்ணுத?" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். கோயம்புத்தூர்ப் பையன் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டான். "சோ க்யூட்" என்றார்கள். அப்புறம் என் முறை வந்தது. "உங்க ஊர் எது?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுல சாதாரணத் தமிழ்தான்" என்றேன்.

இதே புதுப்பட்டினம்தான் என்று ஏன் சொல்லவில்லை, நைனா? அவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், அதனால் அவர்களுக்கு ஊர் இருக்கிறது. நாம் எங்கிருந்தும் வரவில்லை. அவர்கள் பேசினால் ஊர்ப் பாஷை. நாம் பேசினால் அதற்குப் பெயர் 'லோக்கல்'.

அடுத்த வாரமே நீ ஷேர் ஆட்டோவை நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுவந்தாய். வண்டி நிறைய ஆட்கள். "உள்ள தள்ளி குந்து அண்ணாத்த, எம்பொண்ணு வர்து. யாரு மடில யாருன்னு அப்பால பாத்துக்கலாம்" என்று நீ சொல்ல, வண்டியே சிரித்தது. என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது? நாஸ்தா துன்னியா இல்லியா?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி கத்தினாய். காலையில் நான் சாப்பிடாமல் ஓடியது உனக்கு நாள் முழுக்க உறுத்தியிருக்கிறது. அது எனக்கு இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு, பின்னால் நின்ற பையன்கள் "இன்னா பாப்பா, துன்னியா?" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தது மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்று வீட்டில் சொன்னேன், "இனிமே ஸ்கூல் கேட்டு கிட்ட வந்து பேசாதீங்க. அசிங்கமா இருக்கு." அதுவரை உன்னை 'நீ' என்று பேசினவள் அன்றைக்குத்தான் 'ங்க' போட்டேன். மரியாதைக்காகப் போடவில்லை. உன்னைத் தள்ளி நிறுத்தத்தான்.

நீ கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து வாசலில் தலையை மட்டும் ஆட்டினாய். அப்புறம் வீட்டிலும் அப்படியே ஆனது. அம்மாவோடு வழக்கம்போலக் கத்திப் பேசுவாய். என் பக்கம் திரும்பினால் வார்த்தையைத் தேடுவாய். "சாப்பிட்டாயா?" என்று செய்தி வாசிக்கிறவர் மாதிரி கேட்பாய். நான் "ம்" என்பேன்.

அதற்கு மேல் நமக்குள் பேச்சு வளரவில்லை. நான் அதை நிம்மதி என்று நினைத்தேனே!

ஆட்டோ ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், வீட்டுக்கு உடம்பாகத்தான் வந்தாய். அத்தையும் மற்ற பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் வகுப்பு டீச்சரும் சிந்துஜாவும் மாலையோடு உள்ளே வந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகு நான் எப்படி அழுதேன் தெரியுமா? 'அப்பா, அப்பா' என்று அழுதேன். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உனக்கு அது கேட்டிருந்தால் யாரோ ஒரு பெண் வேறு யாருக்கோ அழுகிறாள் என்றுதான் நினைத்திருப்பாய். அத்தை ஒரு கணம் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இன்றைக்குச் சாயந்திரம் உன் ஸ்டாண்டு செல்வம் மாமா வந்தார், நாளைக்கு வண்டி ஏற்பாடு பேச. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று சொன்னார்: "உங்க நைனா வாய் மூடி நாங்க பார்த்ததே இல்ல பாப்பா. உன் ஸ்கூலாண்ட மட்டும் கம்முனு ஆயிடுவாரு. 'இன்னா அண்ணாத்த, இன்னா பேஜாரு?'ன்னு கேட்டா, 'கம்னு வாடா, இது ஹாரன் அடிக்கக் கூடாத ஏரியா'ன்னுவாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அம்மாவும் அழுகையோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதையும் ஒரு ஜோக்காக்கி நீயே வைத்துக்கொண்டாய்.

குழாயைத் திறந்துவிட்டு, நாளைக்குக் கூப்பிட வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "நைனா, வா நைனா, வந்து துன்னு." என் குரலை நானே கேட்டேன். சினிமாவில் காமெடிக்காகப் பேசுவார்களே, அப்படி வந்தது. அந்தப் பையன்கள் உன்னை மாதிரி பேசிக் கேலி செய்தது போலவே நானும் உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தேன். மறுபடி சொன்னேன். இன்னும் மோசமாக வந்தது. வகுப்பில் இங்கிலீஷ், தோழிகளோடு சாதாரணத் தமிழ், வீட்டில் 'ம்'. இதில் எது நான்? எதில் கூப்பிட்டால் உனக்கு அடையாளம் தெரியும்?

பயமாக இருக்கிறது, நைனா. நாளைக்குச் சிந்துஜாவும் டீச்சரும் வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்களுக்குக் கேட்குமே என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. எல்லோரும் காத்துக்கொண்டு நிற்க, என் வாயிலிருந்து மறுபடியும் 'அப்பா' என்று வந்துவிட்டால்? நீ அந்தக் கடற்கரையில் எங்கேயோ நின்றுகொண்டு, நம்மை யாரும் கூப்பிடவில்லை என்று பட்டினியாகத் திரும்பிப் போய்விட்டால்?

அதனால் இதை எழுதி வைக்கிறேன். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாதில்லையா?

நாளைக்குக் கூப்பிடுவேன். இனி ஒத்திகை பார்க்க மாட்டேன். யார் நின்றாலும் கூப்பிடுவேன். வெட்கமாகத்தான் இருக்கும், உன்னிடம் அதைக்கூட மறைக்க மாட்டேன். அந்த வெட்கத்தோடேயே கூப்பிடுவேன். வெட்கம் போகட்டும் என்று நின்றால் சோறு ஆறிப்போகும்.

சரியாக வராது, நைனா. ஒரு வருஷமாகப் பேசாத வாய். பாதி சினிமா மாதிரி இருக்கும், பாதி டீச்சர் மாதிரி இருக்கும். நீ கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டாதே. "இன்னா பாப்பா, இன்னா பேச்சு பேசிகினு கீற?" என்று என்னைத் திட்டிக்கொண்டே வா. அந்தக் கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டு. நான் நகராமல் நிற்கிறேன்.

உன் பொண்ணு,
யாமினி