அல்லிப் பாவை உடைபடாள்

ஏழ் நிலவும் ஒரு குடைக்கீழ் வைத்து, இருள்வெளி எங்கும் கலம் செலுத்தி, அடைந்தோர்க்கு நிழலும் எதிர்ந்தோர்க்கு நெருப்புமாய் வீற்றிருக்கும் கோமான் செந்தீர வர்மர் திருமுன், அவர் நாட்டின் கடைசி விளக்காகிய வெண்பனி நிலவின் அரண் காக்கும் தலைவி சாத்தன் நீலி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் ஊற்றுகள் உறையாதிருக்க; தங்கள் குடிகளின் மூச்சுக்குக் காற்று குறையாதிருக்க; தங்கள் செங்கோல் வளையாதிருக்க. கடைசி வாழ்த்தை வழக்கத்துக்காக எழுதவில்லை. அதில் எனக்கு இப்போது ஐயம் வந்திருப்பதால் வேண்டிக்கொண்டே எழுதினேன்.

ஆளில்லாத் தூதுக்கலம் கொணர்ந்த திருவோலை கண்டேன். எங்கள் பொறிவலவன் நக்கன் கொற்றனைக் கழுத்து நெரித்துக் கொன்றவள் அடுக்களைப் பாவை அல்லி என்றும், அவளை உடைத்து, அரணில் உள்ள மற்றை எந்திரப் பாவைகளையும் சேர்த்துப் படைக்கல உலைக்கு அனுப்புக என்றும், தங்கள் மைத்துனர் வேள் கடம்பராயரை மரியாதையோடு கலம் ஏற்றுக என்றும் கட்டளை இருந்தது. படித்தேன், தலைமேல் வைத்தேன், இறக்கியும் வைத்துவிட்டேன். அல்லியை உடைக்க மாட்டேன். இந்நிலவில் பனை வளராது. ஆதலால் தங்கள் கட்டளை எழுதிவந்த ஓலைகளின் மறுபுறத்திலேயே என் மறுப்பை எழுதுகிறேன்.

தங்களுக்கு இச்செய்தியை முதலில் ஒளிக்கம்பத்தின் வழியே சொன்னவர் வேள். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

வேள் இங்கே வந்தது பாவைகளைப் போருக்கு ஆக்கவே. மனிதர்மேல் கை ஓங்காதே என்று ஒவ்வொரு பாவையின் நெஞ்சிலும் பதித்திருக்கும் ஆணையைக் கொற்றன் பெயர்த்தெடுத்துத் தரவேண்டும் என்றார். தன் உயிர் உள்ளளவும் அது நடவாது என்று கொற்றன் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் மறுமொழி உரைத்தான். அதைக் கேட்டு வேளின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். பெரிய இடத்துக் கோபம், தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் தங்கள் பிறந்தநாள் விருந்து. எங்கள் தோட்டத்து வாழையில் இலை அறுத்துப் பந்தி இட்டோம். கம்மியரோடு ஒரே வரிசையில் அமரேன் என்று வேள் சொல்லி, எதிர்ச்சுவர் ஓரம் தமக்குமட்டும் தனி மணை போடச்செய்தார். எங்கள் கூடம் குறுகியது. எதிரெதிரே அமர்ந்தால் இலையோடு இலை உரசும். நாங்கள் உண்டு முடிக்கையில் பனிச்சூறை எழுந்து காற்றுப்புழையை அடைத்தது. அதனை வெட்டித் திறக்க, நான் முன்னே நிற்க, வேளும் கொற்றனும் ஒழிய அனைவரும் ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணித்துக்கொண்டு வெளியே சென்றோம். காற்றுலையைப் பார்த்துவிட்டுப் பிந்தி வந்த கொற்றன் உண்ண அமர்ந்தான். உள்ளே இருந்தவர்கள் அவன், வேள், அல்லி. நாங்கள் மீண்டபோது கொற்றன் வேளின் மணைக்கு நேரெதிரே இலைமுன் சாய்ந்து இறந்துகிடந்தான். அல்லி அடுக்களையில் நின்றாள். தாம் முன்னமே உண்டு எழுந்து உறங்கப் போனதாகவும், ஒன்றும் அறியேன் என்றும் வேள் உரைத்தார்.

அல்லியைக் கேட்கலாம் என்றால் அவளுக்கு நா இல்லை. பாவைகளுக்குப் பேச்சு ஆகாது என்று ஆணையிட்டவர் தங்கள் பாட்டனார். வாயைக் கட்டியவர்களே வாய் திறக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயமோ நான் அறியேன்.

ஆனால் இலை இருந்தது. அது மடிந்து இருந்தது. உண்பவர் இலையை மடிக்கும்வரை அல்லி அவரைவிட்டு அகலாள், மடித்தால் அகல்வாள், உண்டவர் எழுந்த பின்னரே இலையை எடுப்பாள். அவளைக் கொற்றன் அவ்வாறு அமைத்தான். மேலும், தன் கண்முன் ஒரு மனிதனுக்குத் தீங்கு நேர்ந்தால் குறுக்கே பாய்வது எல்லாப் பாவைகளுக்கும் இயல்பு. கொற்றனைக் கொல்ல நினைத்தவருக்கு முதலில் அல்லி அவ்விடம் விட்டுப் போகவேண்டியிருந்தது.

நல்ல நாளில் இலையைத் தம்பக்கம் மடிப்பதும், இழவு வீட்டில் எதிர்ப்பக்கம் மடிப்பதும் நம் நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த முறை. கொற்றனின் இலை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது. தன் சாவை முன்னறிந்து மடித்தான் போலும் என்று எங்களில் சிலர் நடுங்கினர். நான் இலையைப் பிரித்துப் பார்த்தேன். பாதிச் சோறும், தொடாத பாயசமும் உள்ளே இருந்தன. பாயசத்தை விட்டு எழும் கொற்றனை நான் கண்டதே இல்லை. மறுமுறை வாங்கி, மூன்றாம் முறைக்கு அல்லியைக் கண்ணால் அழைப்பவன் அவன். அந்த மடிப்பு அவன் கையால் ஆனதன்று. எதிரே அமர்ந்த ஒருவர், உண்டுகொண்டிருந்தவன் இலையை எட்டிப் பிடித்து, நல்ல நாள் வழக்கப்படி தம்பக்கமாக மடித்திருக்கிறார். கை பழகியபடி செய்துவிட்டது. இவ்வரணில் எதிர்வரிசையில் அமர்ந்தவர் ஒருவரே. எங்களோடு அமரமாட்டேன் என்று அவர் கேட்டு வாங்கிய இடம் அது.

இதனை எல்லோர் முன்னும் வைத்து வேளைக் கேட்டேன். மறுக்கவில்லை. அரசர் உறவின்மேல் எச்சில் இலை சாட்சி சொல்லுமோ என்று மட்டும் நகைத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நீலிக்கண்ணீர் என்று தங்கள் அவையில் யாரேனும் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பாராயின் சிரிக்கட்டும். சோற்றில் கை வைத்திருந்தவன் இலையை மடித்து அவனைக் கொன்றிருக்கிறார், வேந்தே.

ஆகவே அரண் தலைவியாக நான் இடும் கட்டளை இது. அல்லி உடைபடாள். ஒரு பாவையும் உலைக்கு வாராது. வேள் கலம் ஏறார். தாங்கள் நீதி அறிந்தோரோடு வருக; வந்து எங்கள் பந்தியில், எங்கள் வரிசையில் அமர்ந்து அவ்விலையைக் காண்க; உலர்த்தி வைத்திருக்கிறோம். படையோடு வந்தால் துறைக்கதவு திறவாது. என் பதவியைப் பறிப்பதானாலும் நேரில் வந்து பறித்துக்கொள்க.

வேளைப் பட்டினி போட்டோம் என்று பழி வேண்டாம். அவருக்கு அதே மணைமுன் நாள்தோறும் இலை இடுகிறோம், அல்லிதான் பரிமாறுகிறாள். உண்டு முடித்ததும் அவர் கை இலையின் ஓரம்வரை போகிறது. நாங்கள் பார்ப்பதைக் கண்டு திரும்பிவிடுகிறது. அன்றுமுதல் அவர் இலையை மடித்ததில்லை. மடியாத இலைமுன் அல்லியும் கரண்டியோடு நின்றுகொண்டே இருக்கிறாள்.

இவ்வோலையின் ஒருபுறம் தங்கள் முத்திரை, மறுபுறம் என் முத்திரை. ஒன்றை உடைத்தால் மற்றதும் உடையும். இது வெண்பனி அரண் காக்கும் சாத்தன் நீலி எழுத்து.