உன் போட்டோவுக்கு மேலே ஆடும் எட்டுக்கால் பூச்சி

என் பிரியமான மேரிக்கு,

பேத்தமங்களா ஏரி ரொம்ப காலம் கழித்து நிரம்பி வழிந்ததே, முகத்தில் மாஸ்க்கோடு ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போனார்களே, அந்த வருஷம் நீ போனாய். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். உன் நினைவு நாளுக்குக் கோயில் பத்திரிகையில் போடுவார்களாம்.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்க லைன் வீடு அப்படியேதான் இருக்கிறது. காலையில் கூரைச் சந்தில் வெயில் இறங்கும்போது மூலையில் நூல்கள் மின்னும். கொஞ்சம் தலையைத் திருப்பினால் காணாமல் போகும். நீயும் அப்படித்தான் வந்து போகிறாயா?

உன் போட்டோவுக்கு மேலே, நீளக் காலோடு தலைகீழாகத் தொங்குகிறது ஒரு எட்டுக்கால் பூச்சி. நீ பார்த்ததன் வம்சமாக இருக்கும். தொட்டால் கடிக்காது. கிடுகிடுவென்று ஆடி, அந்த ஆட்டத்திலேயே மறைந்துவிடும். நான் ஷிப்டுக்கு இறங்கினால் நீ அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். சுரங்கத்தில் பாறை வெடிக்கும் முன்பே அது ஆடும் என்று நம் லைன் பெண்கள் எல்லோரும் நம்பினீர்கள். ஆடினால் அடுப்பை அப்படியே விட்டு சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்கு, ஓடி வருவீர்கள். பாதி நாள் அதை ஆட்டியது வெறும் காற்று.

எங்களை இறக்கி ஏற்றும் கேஜில் மேலே வந்தால் நீ நிற்பாய், கையில் மாவோடு.

"இன்னாடி, இங்க இன்னா பண்ற?"

"சும்மா வந்தேன். போய் மூஞ்சியக் கழுவு."

போன மாதம் ஸ்டெல்லாவின் கழுத்தில் கொப்புளம். "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்குது மாமா. மருந்து அடிக்கிறவர வரச் சொல்லிட்டேன்" என்றாள். கதவுக்குப் பின்னால் கரப்பான் பிடிக்கும் தட்டைப் பெரியது, ஜன்னலில் துள்ளும் குட்டி, உன் மூலைக்காரி, எல்லாம் போய்விடுமே.

"அதுங்க இன்னாம்மா பண்ணுச்சு?"

"நல்லா கேட்டீங்க போங்க. வாடகை குடுக்குதா?"

ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது எட்டுக்கால் பூச்சி வேலையே இல்லை, விளக்குக்கு வரும் வண்டைத் தூக்கத்தில் நசுக்கியிருப்பாய் என்றாராம். மருந்துக்காரரை நிறுத்தினாள். ஆனால் ஒட்டடைக் கோலை எடுத்துவிட்டாள். கோல் உன் மூலையில் பட்டது.

அது ஆடியது.

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"ஷாஃப்டுக்கு."

மைன் மூடி எவ்வளவு காலம் ஆயிற்று! ஸ்டெல்லா சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "இப்ப கீழ யாரு மாமா இருக்காங்க?"

மண்ணுக்குக் கீழே நீதானே இருக்கிறாய், மேரி?

அவள் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டாள். இப்போதெல்லாம் பழைய ஒட்டடையை மட்டும்தான் அடிக்கிறாள். பெரியது கட்டில் பக்கம் வந்தால் டம்ளரால் மூடி, காலண்டர் அட்டையை அடியில் செருகி, வெளியே வேலியில் விடுகிறாள். "போடி, வீடு தேடி வராத" என்று திட்டு வேறு. படுக்கும் முன் ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைக்கிறோம்.

உன் மூலைக்குக் கோல் போகாது. நான் இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடினால், காற்றாகவே இருந்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு வருவேன்.

நீங்கள் ஓடி வந்து காத்திருந்த எங்கள் கேஜில் கூட இறங்கியவர்களில் சின்னப்பன் முன்பே போய்ச் சேர்ந்தான். முனுசாமியும் இந்த மழைக்குப் போய்விட்டான். இன்னும் மேலே மிச்சம் இருப்பவன்,

உன் வீட்டுக்காரன்
சவரிமுத்து