நீங்கள் டி. ஜெபசெல்விதானே?

செவ்வாய்க்கிழமை, காலை 9.10

செவ்வாய்க் கோள், நிலத்தடி நிலையம். காற்று சீர். அழுத்தம் சீர். என் காய்ச்சல் 100.

எழுதுவது த. ஜெபசெல்வி, நிலையத்தின் செவிலியர். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். காய்ச்சல் தொற்றாது என்று உறுதியாகும்வரை நான் தனியாக இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் மேலே சுற்றும் கப்பலுக்குப் போய்விட்டார்கள். துணைக்கு ஊசி போடும் இயந்திரக் கையும், மார்த்தாண்டத்தில் என் நர்சிங் மாணவிகளும். ஆன்லைனில் நோயாளிப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறேன். என் குரல் பூமிக்குப் போக இருபது நிமிடம். ஜோக் சொன்னால் சிரிப்பு வர நாற்பது நிமிடம் ஆகிறது.

இன்றைய பாடம், ஊசிக்கு முன் பெயர். 'நீங்க லில்லிதானே?' என்று கேட்காதீர்கள். நர்ஸ் கேட்டால் நம் ஊரில் யாராக இருந்தாலும் 'ம்' என்பார்கள். காது கேட்காதவர்கூடத் தலையாட்டுவார். பெயரை அவர்களே சொல்லட்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருங்கள்.

மாணவி ஆன்சலின் அனுப்பிய கேள்வி: "மேடம், தெனம் பாக்குற ஆளுகிட்டயும் பேரு கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

என் பதில்: "சிரிக்கட்டும். உயிரோட இருந்து சிரிக்கட்டும்."

வீட்டுப்பாடம்: நோயாளியிடம் பேசுவதுபோல் ஒரு வீடியோ.

புதன்கிழமை, மாலை 4.35

காய்ச்சல் 103. காலில் பட்ட வெட்டுக்காயம் சீழ் பிடித்துவிட்டது. காரணம் அதுதான், யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது. வீணாக விட்டுப் போனார்கள். கப்பல் இப்போது கோளின் மறுபக்கம், பேச முடியாது. யாராவது வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் போதும் என்றிருக்கிறது.

சீழுக்கு மருந்து கேட்டு இயந்திரத்தை இயக்கினேன். அது கேட்டது: "நீங்கள் டி. ஜெபசெல்விதானே?"

"ம்" என்றேன். ஊசி போட்டது.

4.41

உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்குகிறது. போட்டது பென்சிலின். எனக்கு ஆகாது என்று என் கோப்பில் இருக்கிறது. இயந்திரம் திறந்தது தி. ஜெபசெல்வியின் கோப்பை. மண் ஆராய்ச்சி செய்பவள், கப்பலில் இருக்கிறாள். என் அப்பா தங்கராஜ், அவள் அப்பா திரவியம். தமிழில் நான் த, அவள் தி. இயந்திரத்துக்கு இங்கிலீஷ் இனிஷியல்தான், இருவரும் டி. இதைச் சொல்லியே எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

பாடம் நடத்தியவளே 'ம்' என்றேன்.

4.44

அட்ரினலின் போட்டால் பிழைப்பேன். அதுவும் இயந்திரத்துக்குள்தான்.

"நீங்கள் டி. ஜெபசெல்விதானே?"

நான் அவள் இல்லை என்று கத்தினேன்.

"அடையாளம் பொருந்தவில்லை. உங்கள் பாதுகாப்பிற்காக மருந்துகள் பூட்டப்பட்டன."

பிறகு ஆமாம் ஆமாம் என்றேன். அசையவில்லை. முழுப் பெயரைச் சொன்னேன். பெயரைக் கேட்டு வாங்க அதற்குத் தெரியாது. பூமியிலிருந்து திறக்கலாம், செய்தி அனுப்பிவிட்டேன். போக இருபது, வர இருபது. தொண்டை அவ்வளவு நேரம் தராது. பயமாக இருக்கிறது.

4.49

திரையில் ஏதோ வந்தது. ஆன்சலினின் வீட்டுப்பாடம், என் செய்தி போய்ச் சேரும் முன்பே அவள் அனுப்பிய வீடியோ.

"வணக்கம்மா. நான் ஆன்சலின், உங்க நர்ஸ். உங்க பேரும் அப்பா பேரும் நீங்களே சொல்லுங்கம்மா."

வாயை மூடிக் காத்திருந்தாள்.

சொன்னேன். ஜெபசெல்வி. தங்கராஜ்.

"சரிம்மா. எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காதா?"

பென்சிலின். குரல் வரவில்லை. அவள் காத்திருக்கிறாள்

முழு மதிப்பெண். ஆன்சலினிடம் யாராவது